பயிற்றுவோனும் பட்டறிவும்

ஒரு தொழிலைக் கற்பிக்கப் புகுவோன் அத்தொழிலைத் தன் கையாற் செய்து தேர்ந்தவனாயிருத்தல் வேண்டுமோ, அன்றி அதனை நூல்வாயிலாக அறிந்து ஒழுங்குபடச் சொல்லவல்லவனாயிருத்தல் மட்டும் அமையுமோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. பட்டறையிலும் வயலிலும் கடலிலும் உழைப்போர், செய்தறியாதவன் சொல்லுக்கு எளிதிற் செவிசாய்ப்பதில்லை. கல்லூரிகளையும் திணைக்களங்களையும் நடத்துவோரோ, செய்யத் தெரிந்தவர் எல்லாரும் சொல்லத் தெரிந்தவர் அல்லர் என்பர். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் எவ்விடத்து எவர் கூற்று உண்மையாகின்றது என்பது வரையறுத்துக் காணற்பாலது. அவ்வரையறையை வரலாற்றின் துணைகொண்டு நாடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு மட்டக்களப்பு நாட்டின் வடபகுதியாகிய வாகரை தக்கதொரு தொடக்கமாகும். வாழைச்சேனையைக் கடந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒருபாற் கடலும் ஒருபாற் களப்பும் காடுமாக அமைந்த நிலம் அது. கோறளைப்பற்று வடக்குப் பிரிவைச் சேர்ந்த வாகரை, மாங்கேணி, பனிச்சங்கேணி, கதிரவெளி முதலாய ஊர்மக்கள் மீன்பிடியும் நெல்வேளாண்மையும் சேனைப்பயிரும் செய்து வாழ்பவர். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைப் பெரிதுந் தாக்கிற்று. அதன் வடு ஆறுமுன்னர், 2006 இலும் 2007 இன் தொடக்கத்திலும் நிகழ்ந்த போரினால் மக்கள் தம் ஊர்களைவிட்டு நீங்கினர். 2007 ஆம் ஆண்டிலேயே மீண்டும் வந்து குடியமர்ந்தனர். படகும் வலையும் வீடும் இழந்த மக்களிடையே நிவாரணத்தின் பின் தொழிற்பயிற்சி வந்தது. தையல், கட்டடவேலை, இயந்திரந் திருத்துதல், பயிர்ச்செய்கை, நீர்வாழுயிர் வளர்ப்பு எனப் பயிற்சிகள் பலவாயின. அவற்றைப் பயிற்றுவிக்க எவரை அமர்த்துவது என்னும் வினாவும் உடன்வந்தது.

இவ்வினா வெறும் வாதப்பொருளன்று. பயிற்சியிற் கழியும் மூன்று மாதம், நாட்கூலியால் வாழும் குடும்பத்துக்கு மூன்று மாத உணவு. பயின்ற இளைஞன் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரியாதவனாக மீள்வானாயின், இழந்தது காலம் மட்டுமன்று. கற்றுப் பயனில்லை என்னும் எண்ணமும் ஊரில் வேரூன்றிவிடும். அதனை அகற்றுதல் பயிற்சி நடத்துவதினும் அரிது.

ஊர் மரபு

மட்டக்களப்பு நாட்டின் பழைய தொழின்முறைகள் யாவும் பட்டறிவையே பயிற்றுவோனின் தகுதியாகக் கொண்டவை. நிலவுடைமையாளரான போடியாரின் வயலில் வேலையை முன்னின்று நடத்துபவர் முல்லைக்காரர். உழவு, விதைப்பு, நீர்கட்டுதல், காவல், வேளாண்மை வெட்டு, சூடுவைத்தல், களவெட்டியிற் சூடடித்தல் ஆகிய அனைத்தையும் செய்து பழகியவரே அந்நிலையை அடைந்தார். வட்டை முழுவதற்கும் நீர்ப்பங்கீட்டைக் கவனித்தவர் வட்டைவிதானை. அவர் சொல்லை மற்றையோர் ஏற்றமைக்குக் காரணம், எந்த வரம்பு எப்போது உடையும், எந்த வாய்க்காலில் நீர் எத்தனை நாளிற் கடைவயலை எட்டும் என்பவற்றை அவர் ஆண்டுதோறும் கண்டறிந்தமையே. களப்பிலும் இதுவே முறை. சிறுவன் முதலிற் படகில் நீர் இறைப்பான், பின்னர்க் கோலூன்றுவான், அதன்பின்னரே வலை அவன் கைக்கு வரும்.

செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆங்கில நூலிற் கிழக்குக் கரையோர வேடரைப்பற்றியும் எழுதியுள்ளனர். வேட்டையும் தேனெடுத்தலும் மரபாகக் கொண்ட மக்களுள் ஒருசாரார் தமிழருடன் கலந்து வாழ்ந்து மீன்பிடிப்போராயினமை அந்நூலாற் புலப்படும். அவர்க்குப் பள்ளியும் இல்லை. பயிற்றுநர் என்று தனியே அமர்த்தப்பட்டவரும் இல்லை. தொழில் செய்வோர் அருகே நின்று தொழில் செய்தமையே அவர் பெற்ற கல்வி.

இம்மரபின் சிறப்பைக் கூத்துக்களரியிலே தெளிவாகக் காணலாம். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்களையும் பழக்கும் அண்ணாவியார், இளமையில் தாமே காலிற் சதங்கை கட்டி ஆடியவர். பல கூத்துக்களைக் கண்டும் ஆடியும் மத்தளம் பயின்றும் முதிர்ந்தவர். ஆடுவோர்க்குச் சட்டங்கொடுத்தல் முதல் சதங்கையணி, அடுக்குப்பார்த்தல், அரங்கேற்றம் ஈறாகச் செல்லும் நீண்ட பழக்கத்தில், ஒருவன் அடி பிழைக்கும்போது அப்பிழை காலில் உள்ளதோ, தாளத்தில் உள்ளதோ, பாட்டை உணராமையில் உள்ளதோ என்பதை அவர் உடனே அறிவார். ஏடு பார்ப்பவர் பாட்டின் சொல்லைத் திருத்துவார். அடியைத் திருத்தவல்லவர் அண்ணாவியார் ஒருவரே. பிழையின் பிறப்பிடத்தை அறிதல் பட்டறிவு தரும் முதற்பேறு எனலாம்.

ஆயினும் இம்மரபுக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, அது மெல்லச் செல்வது. இரண்டாவது, தந்தையிலிருந்து மகனுக்கும் மாமனிலிருந்து மருமகனுக்கும் செல்வதாதலின், உறவுக்குப் புறம்பானவன் உள்நுழைதல் அரிது. மூன்றாவது, பழகித் தேர்ந்தவனுக்குத் தான் தடுமாறிய காலம் நினைவில் இராது. எப்படிச் செய்வது என்று கேட்டால், செய்து காட்டுவான். ஏன் அப்படி என்று கேட்டால், அப்படித்தான் என்பான். நான்காவது, முற்றிலும் புதிய தொழில் ஒன்று வரும்போது ஊரில் அதற்கு மூத்தோரே இலர். வெளியிணைப்பு இயந்திரம் களப்பிற்கு வந்த நாளில், அதனைப்பற்றிப் பேரனுக்குச் சொல்லப் பாட்டனிடம் ஒன்றும் இருந்ததில்லை. இக்குறைகளை நிரப்பவே பள்ளியும் பயிற்சிக்கூடமும் தோன்றின.

எழும்பூர்ப் பரிசோதனை

முன்னனுபவம் இன்றியும் கற்பிக்கலாம் என்பதற்கு உலகு அறிந்த சான்று தமிழ்நாட்டிலேயே தோன்றியது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அந்திரூ பெல் என்னும் பாதிரியார் 1787 இற் சென்னைக்கு வந்தார். 1789 இல் எழும்பூரில், படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென அமைந்த விடுதிப்பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாட் காலை குதிரைமீது சென்றபோது, திண்ணைப் பள்ளியொன்றிற் சிறுவர் நிலத்திலமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுதலைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த விரும்பி ஆசிரியரைப் பணித்தார். அஃது ஆகாத காரியம் என்பதே அவர் பெற்ற விடை. அதன்மேற் பெல், படைவீரர் ஒருவரின் மகனான யோன் பிறிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, எழுத்துப் பழகும் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பழகிய ஆசிரியர் ஆகாது என்றதைச் சிறுவன் செய்துகாட்டினான். பின்னர்ப் பள்ளி முழுவதும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையில் நடைபெறலாயிற்று.

1796 இல் இந்தியாவை விட்டு நீங்கிய பெல், 1797 இல் இப்பரிசோதனையைப்பற்றி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதுவே சென்னை முறை எனப் பெயர்பெற்று, 1811 இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட தேசிய சங்கத்தின் பள்ளிகளிற் பரவியது. யோசேப்பு லங்காஸ்ரர் தனியே வகுத்த ஒத்த முறை வேறுபல நாடுகளுக்குஞ் சென்றது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழருக்கு இம்முறை வியப்பன்று.

ஈண்டு இரண்டு உண்மைகள் கருதத்தக்கன. ஒன்று, பட்டறிவு சிலபோது புதுமைக்குத் தடையாகும் என்பது. அவ்வாசிரியர் அறிவிலி அல்லர். தாம் பழகிய முறைக்கு அப்பால் ஒரு முறை இருத்தல் கூடும் என எண்ணாதவர். மற்றொன்று, நேற்றுக் கற்றவன் இன்று கற்பிக்கும்போது, கற்போன் இடறும் இடத்தை எளிதில் உணர்வான் என்பது. அவன் தானும் அங்கே இடறியவன். அவ்விடறல் இன்னும் அவன் நினைவில் உள்ளது.

ஆயினும் சிறுவன் கற்பித்தவை யாவை? எழுத்தும் எண்ணும் மனப்பாடமும். இவற்றில் விடை முன்னரே தெரிந்தது. சரியோ பிழையோ என்பது ஐயமின்றித் துணியத்தக்கது. காரணங் கூறவும், சூழ்நிலைக்கேற்ப முடிவு செய்யவும் வேண்டிய பாடங்களை இம்முறை தாங்கவில்லை. இங்கிலாந்திலேயே 1846 இல் அரசு வேறொரு வழியை வகுத்தது. 13 வயது நிரம்பிய மாணவரைத் தலைமையாசிரியரிடம் ஐந்தாண்டு பயிலுநராக ஒப்படைக்கும் மாணவ ஆசிரியர் முறை அது. சட்டாம்பிள்ளையாற் பெற்ற விரைவை விட்டு, தேர்ந்தவரிடம் தொழில் பழகும் பழைய வழிக்கே கல்வியுலகம் ஒருவாறு திரும்பியது என்க.

மானிப்பாய் மருத்துவர்

எழுத்தறிவித்தலிற் சிறுவன் போதுமாயினும், உயிரோடு பொருந்திய தொழிலில் அது போதாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே இதற்குத் தக்க சான்று உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இற் பிறந்தவர். 1847 இல் இலங்கைக்கு வந்து, மறுவருடமே மாணவருக்கு மேனாட்டு மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். நோயாளரைத் தாமே பார்த்து, அறுவை செய்து, மருந்து கொடுத்த ஒருவரே அங்கு ஆசிரியர். மாணவர் நூலைப் படித்ததோடு நோயாளரின் அருகிலும் நின்றனர். கத்தி எவ்வளவு ஆழஞ் செல்லலாம் என்பதைச் சொல்லாற் சொல்லலாம். ஆயினும் அவ்வாழத்தை அறிந்தது கை. அக்கையுடையவர் அருகில் நின்று காட்டாவிடின் அச்சொல்லாற் பயனில்லை.

எனினும் கிறீனின் வரலாறு பட்டறிவின் வெற்றியை மட்டும் கூறுவதன்று. மருத்துவத்தில் தேர்ந்த அவர்க்குத் தமிழிற் பயிற்சி இருந்ததில்லை. அக்குறையை அவர் மறைக்கவில்லை. தமிழைக் கற்றார், மாணவரின் துணையோடு கலைச்சொற்களை ஆக்கினார், மருத்துவ நூல்களைத் தமிழிற் கொணர்ந்தார். 1860களின் நடுப்பகுதியிலிருந்து வகுப்புக்களையும் தமிழிலேயே நடத்தினார். அறுவை மருத்துவம் பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867 இல் வெளிவந்தது. 1873 இல் அவர் நாடு திரும்புமுன் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவராயினர். தொழிலறிவை ஆசிரியர் தந்தார். மொழியறிவை மாணவர் தந்தனர். பயிற்றுவோன் தன்னிடம் இல்லாததைக் கற்போனிடமிருந்து பெற ஒருப்படுவானாயின், குறையும் நிறைவாகும் என்பதை மானிப்பாய் காட்டிற்று.

செய்வோனைச் சொல்வோனாக்கல்

பட்டறிவு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அது மட்டும் அமையுமோ என்பது அடுத்த வினா. இதற்கு விடையளித்தவை இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகள். முதலாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கப்பற்றுறைகளில் ஆயிரக்கணக்கான புதிய தொழிலாளரை விரைவிற் பழக்கவேண்டியிருந்தது. அப்பணியில் ஈடுபட்ட சார்ள்ஸ் அலன், தேர்ந்த தொழிலாளரைத் தெரிந்தெடுத்து அவர்க்குக் கற்பிக்கும் முறையைக் கற்பித்தார். தம் கருத்துக்களை 1919 இல் நூலாக வெளியிட்டார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி என்னும் பெருந்திட்டத்தை நடத்தியபோது அலனின் வழி அடிப்படையாயிற்று. மேற்பார்வையாளர் பத்து மணிநேரப் பயிற்சியொன்றைப் பெற்றனர். கற்போனை ஆயத்தஞ் செய்தல், செயலைப் பகுதி பகுதியாகக் காட்டிக் காரணங் கூறுதல், அவனையே செய்யவைத்துப் பார்த்தல், பின்னர்த் தொடர்ந்து கவனித்தல் என்னும் நான்கு படிகளே அதன் சாரம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின் பயிற்சிகளைப் பெற்றனர். போருக்குப் பின் யப்பான் நாட்டுத் தொழிற்சாலைகள் இதனைப் பெரிதும் போற்றிக் கைக்கொண்டன.

இத்திட்டத்தை வகுத்தோர் ஆசிரியருக்குத் தொழிலைக் கற்பிக்க முயன்றிலர். தொழிலாளருக்கு ஆசிரியத்தைக் கற்பித்தனர். தொழிற்றிறன் வருவதற்கு ஆண்டுகள் செல்லும். செயலைப் பகுத்துக் காட்டும் முறையைப் பழகுதற்கோ சில நாள் அமையும். காலம் அரிதாயிருந்த போர்க்காலத்தில் அவர் இவ்வழியைத் தெரிந்தமை வியப்பன்று. அப்படியே காட்டவும் சொல்லவும் பழகாத பட்டறிவு, பூட்டிய பெட்டியிலுள்ள பொருள்போல் உடையவனுக்கே பயன்படுவது என்பதையும் அவர் உணர்ந்திருந்தனர்.

கல்லோயா தந்த விடை

இதுகாறும் கண்ட சான்றுகள் தொழிற்றிறனைப்பற்றியவை. திறன் உடையோர் பலர் ஓரிடத்தில் இருந்தும், அவர் கூடிச் செயற்படாமையாற் கேடுறும் இடங்களும் உண்டு. அங்கே எத்தகைய பயிற்றுநர் வேண்டும் என்பதற்குக் கிழக்கு மாகாணமே விடை தந்தது.

தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணைகட்டும் வேலை 1949 இல் தொடங்கியது. அதனால் உண்டானதே சேனநாயக்க சமுத்திரம். அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தினுட்பட்டிருந்த இப்பகுதி, 1961 இல் அம்பாறை மாவட்டம் அமைந்தபோது தனியே பிரிந்தது. 1970களின் இறுதியில் இடதுகரைக் கால்வாய்கள் பழுதுற்றிருந்தன. மேல்வயலார் வேண்டியதினும் மிகுதியாக நீர் எடுத்தனர். கடைவயலார்க்கு நீர் எட்டவில்லை. உழவருக்கும் நீர்ப்பாசன அலுவலருக்குமிடையே நம்பிக்கை அற்றுப்போயிருந்தது.

அக்காலத்து வேளாண்மைப் போதனையின் நிலையும் ஈண்டுக் குறிக்கற்பாலது. உலக வங்கியின் ஆதரவுடன், தானியல் பெனோர் என்பார் வகுத்த பயிற்சியும் வருகையும் என்னும் முறை 1970களின் இறுதியில் இலங்கையிலும் புகுத்தப்பட்டது. நிபுணர் கிராம அலுவலருக்குக் குறித்த காலந்தோறும் பாடஞ் சொல்வர். கிராம அலுவலர் தெரிந்தெடுத்த உழவரைச் சந்தித்து அப்பாடத்தை உரைப்பர். அவ்வுழவர் அயலார்க்குக் கூறுவர். செய்தி மேலிருந்து கீழே ஒழுங்காகச் செல்லும் ஏற்பாடு இது. ஆயின் வயலிலிருந்து மேலே செல்லவேண்டிய செய்திக்கு இதில் அகன்ற வழி இல்லை. மும்முறை வேளாண்மை செய்யாத இளைஞர், முப்பதாண்டு செய்தவர்க்கு உரைக்கவேண்டிய நிலையும் நேரலாயிற்று. 1989 இற் கிராம அலுவலர் வேறு நிருவாகப் பதவிகளுக்கு மாற்றப்பட்டமையால், இவ்வேற்பாட்டின் அடிப்படியே இல்லாமற் போயிற்று.

கல்லோயாவில் நிகழ்ந்ததோ வேறு. கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கூடி, இளம் பட்டதாரிகளை அமைப்பாளராகத் தெரிந்தெடுத்தன. ஆறு வாரப் பயிற்சியின் பின், 1981 மார்ச் மாதத்தில் 32 பேர் கொண்ட முதற்குழு இடதுகரைக் கிராமங்களிற் சென்று தங்கியது. அவர் நீர்ப்பாசன நிபுணருமல்லர், முதிர்ந்த உழவருமல்லர். எனினும் தெரிவிலே இரண்டு கருத்துக்கள் இருந்தன. உழவர் குடும்பங்களில் வளர்ந்தோர் விரும்பப்பட்டனர். கிராமத்தார் பேச்சையும் பாட்டையும் துன்பத்தையும் அவர் அறிந்திருப்பர். பட்டதாரிகளாயிருத்தல் வேண்டப்பட்டது, பொறியியலாளர்முன் அவர் ஒடுங்கி நில்லார்.

அவர் உழவருக்கு வேளாண்மை கற்பிக்கச் சென்றிலர். வீடுதோறுஞ் சென்று குறைகேட்டனர். ஒரு சிறு வாய்க்காலில் நீர் பெறும் பத்து இருபது உழவரைக் கூட்டி, முதலில் அவ்வாய்க்காலைத் துப்புரவு செய்யவும், நீரை முறைவைத்துப் பகிரவும், மிஞ்சியதைக் கடைவயலார்க்கு விடவும் தூண்டினர். சங்கமும் விதியும் பின்னரே வந்தன. பிரதிநிதியை வாக்கெடுப்பின்றி ஒருமனதாகத் தெரிந்தனர். 1981 சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் ஏறத்தாழக் காற்பங்கே நிரம்பியிருந்தது. அத்தகைய பஞ்சகாலத்திலேயே இப்பகிர்வு தொடங்கியமை வியக்கத்தக்கது. இவ்வரலாற்றை அதில் ஈடுபட்ட நோர்மன் அப்கொவ் என்னும் அறிஞர் 1992 இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதியுள்ளார்.

அமைப்பாளரின் வேலை நிலையானதன்று. நிரந்தரப் பதவி கிடையாமையால் அவருட் பெரும்பாலார் சிறிது காலத்தில் ஆசிரியப்பணி முதலியவற்றுக்குச் சென்றனர். ஆயினும் அவர் தூண்டிய பழக்கம் அவரோடு போய்விடவில்லை. 1988 இல் உழவர் பங்குபற்றும் நீர்ப்பாசன முகாமை நாட்டின் கொள்கையாக ஏற்கப்பட்டது. 1997 சிறுபோகத்தில் நீர் மிகக் குறைந்திருந்தது. இடதுகரையின் 65,000 ஏக்கருள் 15,000 ஏக்கருக்கே நெல்விளைக்க நீர் உண்டு என அதிகாரிகள் கணித்தனர். உழவர் அமைப்புக்களோ அந்நீரை எல்லாருடனும் பகிர்ந்து, முழுநிலத்திலும் பயிரிட்டு, வழமைக்குக் குறையாத விளைவைக் கண்டன. மேல்வயலார் பெரும்பாலும் சிங்களவர். கடைவயலாருள் தமிழ்பேசுவோரும் இருந்தனர். நாடு போரிற் பிளவுண்டிருந்த காலத்தில் அவ்வாய்க்கால்களில் நீர் எல்லாரிடமுஞ் சென்றது.

இதனால், அனுபவம் இல்லாதவரே சிறந்த பயிற்றுநர் என்று கொள்ளல் தவறாகும். அங்கே வேளாண்மை அனுபவம் குறையவில்லை. அது வயல்தோறும் நிறைந்திருந்தது. குறைந்தது அதனை ஒன்றுசேர்க்கும் ஆள். அமைப்பாளர் தம் அறியாமையை அறிந்தவராதலின், கேட்கும் ஆசிரியராயினர். உழவரின் அறிவுக்குப் போட்டியாகத் தம் அறிவை நிறுத்தினாரல்லர். அவ்விளைஞரே பயிர்நோய்க்கு மருந்து சொல்லவோ மதகு அமைக்கவோ முற்பட்டிருப்பின், முதல் வாரத்திலேயே அவர் சொல் எடுபடாது போயிருக்கும்.

பேராசிரியரும் அண்ணாவியாரும்

இரண்டு தகுதிகளும் ஒருவரிடத்திலேயே அமைதல் அரிது. ஆதலின் இருவர் கூடிச் செய்வது தக்க வழியாகும். இதற்கும் மட்டக்களப்பிற் சான்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு புதுமுறையில் மேடையேற்ற முயன்றார். அவர் தமிழறிஞர், களரியில் ஆடிப் பழகிய கூத்தர் அல்லர். ஆதலின் ஆட்டம் பழக்குதற்கு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியாரை வருவித்தார். 1962 இற் ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று. 1964 இல் ‘இராவணேசன்’ தோன்றிற்று.

இரவு முழுவதும் நிகழுங் கூத்தை நகரமேடைக்கேற்பச் சுருக்குவது எப்படி, எதனை விடுவது, எதனை முன்வைப்பது என்பவற்றைப் பேராசிரியர் ஆராய்ந்தார். அடியும் தாளமும் சிதையாமற் காத்தவர் அண்ணாவியார். ஒருவர் மற்றவர் இடத்தைக் கைப்பற்றவில்லை. பட்டம் பெறாத அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசிரியராக நின்றார். அதனாற் பல்கலைக்கழகத்தின் மதிப்புக் குறையவில்லை, உயர்ந்தது. அன்று மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னர் வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, கூத்தை ஆடவும் ஆராயவும் கற்பித்தார். ஒரு தலைமுறையில் இருவர் கூடிச் செய்த பணி, அடுத்த தலைமுறையில் ஒருவரிடத்தே ஒன்றுகூடியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். விடை முன்னரே துணியப்பட்ட அடிப்படைப் பாடங்களை, அண்மையிற் கற்றவனே செவ்வையாகக் கற்பித்தல் கூடும். எழும்பூர்ச் சிறுவன் அதற்குச் சான்று. கைத்திறனும் உடனடித் துணிவும் வேண்டும் தொழில்களில், பயிற்றுவோன் அத்தொழிலைச் செய்து தேர்ந்தவனாயிருத்தல் இன்றியமையாதது. அவன் கற்பிக்கும் முறையையும் பழகியிருத்தல் வேண்டும். திறனுடையோரை ஒன்றுகூட்டும் பணியில், தொழிலனுபவத்தினும் கேட்கும் பண்பும் உடனுறையும் பொறுமையும் முதன்மையானவை. ஆகவே பயிற்றுவோனுக்கு அனுபவம் வேண்டுமோ என்று பொதுப்படக் கேட்டல் பயன்தராது. எதனைப் பயிற்றுவதற்கு என்று கேட்டல் வேண்டும்.

வாகரை போன்ற இடங்களுக்கு இம்முடிபுகள் நேரே பொருந்துவன. களப்பின் நீரோட்டத்தையும் பருவத்தையும் நாற்பதாண்டு அறிந்த மீனவர், பள்ளிச் சான்றிதழ் இல்லை என்னும் ஒரு காரணத்தால் பயிற்றுநராகாமல் ஒதுக்கப்படுவாராயின், அவ்வூரின் பெருஞ்செல்வம் வீணாகும். தொழிலறியாத ஒருவர் சான்றிதழ் உண்மையால் மட்டும் அவ்விடத்தில் அமர்த்தப்படுவாராயின், கற்போரின் காலமும் வீணாகும். இலங்கையின் தேசிய தொழிற்றகைமை ஏற்பாட்டில், பள்ளிக்கு வெளியே தொழில்செய்து பெற்ற அறிவைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் வழி ஒன்று உண்டு. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய தேசிய பயிலுநர் பயிற்சி முறையும், பட்டறையிலே தேர்ந்தவர் அருகில் இளைஞரை நிறுத்துவதையே அடிப்படையாகக் கொண்டது. இவ்வழிகள் நகரங்களோடு நில்லாது களப்போர ஊர்களுக்குஞ் செல்லுதல் வேண்டும்.

அவ்வாறு செல்லும்போது ஊரின் மூத்த தொழிலாளர்க்குக் கற்பிக்கும் முறையிற் சில நாட்பயிற்சியும் தக்க ஊதியமும் அளித்தல் வேண்டும். அவருடன் கணக்கும் இயந்திர நூலறிவும் உடைய இளைஞர் ஒருவரை இணைத்தல் வேண்டும். மூத்தவர் கையைக் காட்டுவார். இளையவர் காரணத்தை விளக்குவார். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பர். கற்றுச் சென்றவன் ஓராண்டின்பின் அத்தொழிலைச் செய்கின்றானோ என்று சென்று பார்க்கும் கடமையும் பயிற்சி நடத்துவோருக்கு உரியது. ஒரு பயிற்சியின் வெற்றி, அதன் இறுதிநாளில் வழங்கப்படும் சான்றிதழ்களின் தொகையால் அளக்கப்படுவதன்று. கல்லோயாவில் அமைப்பாளர் போய்ப் பல ஆண்டுகளின் பின்னும் வாய்க்காலில் நீர் முறைப்படி சென்றது. பயிற்றுவோன் நீங்கியபின் எஞ்சுவது எதுவோ, அதுவே அவன் தகுதிக்கு உரிய அளவுகோலாகும்.